மேல் தட்டு

புத்தகம் அடுக்குவது ஒரு வேலையா என்று ஊரில் இன்னும் கேட்கிறார்கள். 2007ல் நாகர்கோவிலில் இருந்து நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகருக்கு வந்தபோது எனக்குக் கிடைத்த வேலை அதுதான். மனைவிக்கு முதியோர் இல்லத்தில் செவிலியர் பணி. அவளுடைய விசாவில் ஒட்டிக்கொண்டு வந்த நான் கான்டர்பரி பல்கலைக்கழகத்தின் மைய நூலகத்தில் சேர்ந்தேன். மாணவர்கள் திருப்பிக் கொடுத்த புத்தகங்களை ட்ராலியில் ஏற்றி, மாடி மாடியாகப் போய், முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணைப் பார்த்து அதனதன் இடத்தில் செருக வேண்டும். அந்த எண்ணுக்குப் பெயர் கால் நம்பர். "கால் நம்பர் பார்த்து அடுக்கணும்மா" என்று ஃபோனில் சொன்னதைக் கேட்டு, எனக்குச் செருப்புக் கடையில் வேலை என்று அம்மா கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

நூலகம் இருந்தது ஜேம்ஸ் ஹைட் கட்டடத்தில். பதினொரு தளம். வளாகத்தில் எங்கே நின்றாலும் தெரியும்.

2010 செப்டம்பர் 4, சனிக்கிழமை, விடிகாலை 4.35. நிலநடுக்கம், ரிக்டரில் 7.1. நகரத்துக்கு மேற்கே, டார்ஃபீல்டு பக்கம் மையம். அந்த நேரத்தில் தெருவில் ஆள் இல்லை, வீடுகள் பெரும்பாலும் மரச்சட்டம். இடிபாட்டில் ஒருவர்கூடச் சாகவில்லை. தப்பித்துவிட்டோம் என்று ஊரே மூச்சுவிட்டது. நாங்களும் அப்படித்தான் நினைத்தோம், தலைக்கவசம் போட்டு மாடிக்கு அழைத்துப் போகும் வரை.

தென்னை மரம் காற்றில் ஆடும்போது அடிமரம் அசையாது, கொண்டைதான் ஆடும். உயரமான கட்டடமும் அப்படித்தான். கீழ்த் தளங்களில் அங்கங்கே சில புத்தகங்கள் விழுந்திருந்தன. மேலே போகப் போக, தரையே தெரியவில்லை. ஒரே திசையைப் பார்த்து நின்ற ரேக்குகள் மொத்தமாகக் கக்கியிருந்தன. அவற்றுக்குக் குறுக்கே நின்றவை பாதி நிறைந்தபடி அப்படியே இருந்தன. சில ரேக்குகள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்திருந்தன. முழங்கால் உயரத்துக்குக் குவியல். பழைய தாளும் சுண்ணாம்புத் தூசியும் கலந்த வாசனை. எங்கள் பகுதிப் பொறுப்பாளர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "மன்டட்" என்றார். உருப்படாமல் போய்விட்டது என்பதற்கு அங்கே சொல்லும் கொச்சைச் சொல். அடுத்த இரண்டு வருடம் ஊரில் அதிகம் புழங்கிய வார்த்தை அதுவாகத்தான் இருக்கும். சாலை மன்டட், கழிவுநீர்க் குழாய் மன்டட், ஆள் எப்படி இருக்கிறாய் என்றால் அதற்கும் மன்டட்.

வேலை எளிதுதான், முடியத்தான் முடியாது. குனிந்து எடு, தட்டு, மடங்கிய பக்கத்தை நிமிர்த்து, எண்ணைப் பார், தரையில் எழுத்துவாரியாகக் குவி, பிறகு ரேக்கில் ஏற்று. நடுவில் ஒரு புத்தகம் விரிந்து கிடந்தால் அந்தப் பக்கத்தை வாசிக்காமல் இருக்க எனக்கு வராது. நார்வே மொழி இலக்கணத்தில் அரைப் பக்கம், யாரோ ஒரு பாதிரியாரின் கடிதத்தில் பாதி என்று அந்த வாரங்களில் நிறைய வாசித்தேன். "இந்த வேகத்தில் போனால் கிறிஸ்துமஸ் வந்துவிடும்" என்றார் பொறுப்பாளர். வரிசையாக நின்று கைமாற்றினோம், முதுகு விட்டுப்போனது. இருந்தாலும் கடைசியில் ஒவ்வொரு புத்தகமும் பழைய தளம், பழைய ரேக், பழைய தட்டு என்று அதே இடத்தில் போய் உட்கார்ந்தபோது எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. ஒன்றுமே நடக்காதது போல இருந்தது. நாங்கள் விரும்பியதும் அதுதான்.

அதே நிலநடுக்கத்தில் பல்கலைக்கழகத்தின் லோகி தொகுப்பும் அடிவாங்கியது. பழைய கிரேக்க, ரோமானியப் பொருட்களின் தொகுப்பு அது. அதில் லோகி கோப்பை என்று ஒன்று, இரண்டாயிரத்து ஐந்நூறு வருடம் பழையது, துண்டு துண்டாகிவிட்டது. யுத்தம், கொள்ளை, கப்பல் பயணம் எல்லாவற்றையும் தாண்டி வந்த மண்பாண்டம் எங்கள் ஊரில் வந்து உடைந்தது. பிறகு துண்டுகளைச் சேர்த்து ஒட்டிவிட்டார்கள். 2017ல் இருந்து நகரத்தின் நடுவே, அணு விஞ்ஞானி ரூதர்ஃபோர்டு படித்த பழைய கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. விரிசல் தெரிகிறதா என்று பார்க்கவே நான் ஒருமுறை போனேன்.

செப்டம்பருக்குப் பிறகு பின்னதிர்வுகள் நிற்கவேயில்லை. அலுவலகத்தில் அது ஒரு விளையாட்டாகிவிட்டது. தரை குலுங்கியதும் ஆளாளுக்கு ஓர் எண் சொல்வோம்: நாலு புள்ளி இரண்டு, இல்லை, மூன்று புள்ளி எட்டு. பிறகு நிலநடுக்க அளவைப் போடும் ஜியோநெட் இணையதளத்தைத் திறந்து பார்ப்போம். தோற்றவர் காலைத் தேநீருக்கு பிஸ்கட் வாங்க வேண்டும். எனக்குக் கை நன்றாகப் பழகியிருந்தது. 2011 பிப்ரவரி வரை அதிகம் பிஸ்கட் வாங்கியதில்லை.

பிப்ரவரி 22, செவ்வாய். கல்வியாண்டு தொடங்கிய முதல் வாரம். முதலாண்டுப் பிள்ளைகள் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அலைந்துகொண்டிருந்தார்கள். மதியம் 12.51க்கு நான் மேல்தளம் ஒன்றில் ட்ராலியோடு நின்றிருந்தேன். இந்த முறை எண் சொல்ல வாய் வரவில்லை. செப்டம்பரில் வந்தது தூக்கத்தில் தொட்டிலை ஆட்டியது போல என்றால், இது காலுக்கடியில் இருந்து யாரோ எட்டி உதைத்தது போல. பக்கத்தில் இருந்த படிப்பு மேசைக்கு அடியில் எப்படிப் போனேன் என்று தெரியாது. அங்கே ஏற்கெனவே ஒரு பெண் இருந்தாள். விளக்கு போய்விட்டது. மேசையின் இரண்டு பக்கமும் புத்தகங்கள் விழும் சத்தம், மழைபோலத் தொடங்கி மூட்டை மூட்டையாகக் கொட்டுவதுபோல ஆனது. எல்லாம் நின்ற பிறகு பார்த்தால், என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையின் நாடாவை அவள் இறுக்கிப் பிடித்திருந்தாள். "மன்னிக்கணும்" என்று சொல்லி விட்டுவிட்டாள். இருட்டில் படிக்கட்டைத் தடவிக்கொண்டு இறங்கினோம். அவள் பெயரைக் கேட்கவில்லை.

வளாகத்தில் யாரும் சாகவில்லை. நகரத்தில் 185 பேர். அதில் 115 பேர் சிடிவி என்ற ஒரே கட்டடத்தில். அங்கே ஆங்கிலம் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்று இருந்தது. ஜப்பானில் இருந்தும் சீனாவில் இருந்தும் வந்த மாணவர்கள் வகுப்பறையிலேயே போய்விட்டார்கள். செப்டம்பரில் பெரியது வந்தும் பிழைத்த ஊரை, அதைவிடச் சிறியது கொன்றது. ரிக்டர் 6.3தான். ஆனால் நகரத்துக்குப் பக்கத்தில், ஆழம் குறைவாக, மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்தது.

நாங்கள் வாடகைக்கு இருந்தது கிழக்குப் பகுதியில். அங்கே நிலநடுக்கம் கொண்டுவந்தது சேறு. குலுங்கும்போது அடியில் இருக்கும் ஈரமணல் குழம்பாகிவிடும். பிறகு விரிசல் வழியாகப் பொங்கி மேலே வரும், சாம்பல் நிறத்தில், சிமெண்ட் கரைத்தது மாதிரி. வழக்கமாக இருபது நிமிடத்தில் போகும் வீட்டுக்கு அன்று மூன்று மணி நேரம். முற்றத்தில் கணுக்காலுக்கு மேல் சேறு. தண்ணீர் இல்லை, மின்சாரம் இல்லை. ராத்திரி எப்படியோ அம்மாவின் ஃபோன் கிடைத்தது. எங்கள் குடும்பம் குளச்சல் பக்கம். 2004க்குப் பிறகு அம்மாவுக்கு நிலநடுக்கம் என்றால் ஒரே கேள்விதான்.

"மக்களே, கடல் உங்க வீட்டுல இருந்து எவ்வளவு தூரம்?"

"நாலு கிலோமீட்டர் இருக்கும்மா."

"அப்ப மாடிக்குப் போயிரு."

"வீட்டுக்கு மாடி இல்லம்மா."

ரொம்ப நேரம் அந்தப் பக்கம் சத்தமில்லை.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ மண்வாரியும் தள்ளுவண்டியுமாக ஒரு கூட்டம் தெருவுக்குள் வந்தது. மாணவர் தொண்டர் படை. எங்கள் பல்கலைக்கழக மாணவர் சாம் ஜான்சன் செப்டம்பரில் ஃபேஸ்புக்கில் தொடங்கியது. இப்போது ஆயிரக்கணக்கில் சேர்ந்திருந்தார்கள். எங்கள் முற்றத்தை ஏழெட்டுப் பேர் ஒரு மணி நேரத்தில் வாரித் தெருவோரம் குவித்தார்கள். அதில் ஒருவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நீங்க லைப்ரரி ஆளுதானே?" என்றான். ஆமாம் என்றேன். "என் பேர்ல ஒரு அபராதம் இருக்கு. புத்தகம் மாடியில விழுந்து கிடக்கான்னு தெரியல, இல்ல என் வீட்டுச் சேத்துல இருக்கான்னும் தெரியல." அபராதத்தைத் தள்ளுபடி செய்கிற அதிகாரம் அடுக்குபவனுக்குக் கிடையாது. பால் கலக்காத தேநீர் போட்டுக் கொடுத்தேன். அதையும் கேம்ப் அடுப்பில்தான் போட முடிந்தது.

மார்ச் நடுவில் பல்கலைக்கழகம் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. வளாகம் இருக்கும் ஐலம் நகரின் மேற்கில். சேறு அங்கே அதிகம் இல்லை. காலையில் கிழக்கில் வாளித் தண்ணீரில் முகம் கழுவிவிட்டு, வளாகத்துக்கு வந்து குழாயைத் திறந்து வெந்நீர் வருவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒரே ஊரில் இரண்டு ஊர் இருந்தது.

கட்டடங்களைப் பொறியாளர்கள் ஒவ்வொன்றாகச் சோதித்து முடிக்கும் வரை வகுப்புகள் கார் நிறுத்தும் இடத்தில் போட்ட பெரிய கூடாரங்களில் நடந்தன. வடமேற்குக் காற்று அடித்தால் துணி படபடக்கிற சத்தத்தில் பாடம் காதில் விழாது. மழை வந்தால் கேட்கவே வேண்டாம். ஆனாலும் பிள்ளைகள் வந்தார்கள். கல்யாணப் பந்தலில் பந்திக்கு உட்கார்ந்த மாதிரி வரிசை வரிசையாக, மடியில் நோட்டோடு. எங்கேயும் போகாமல் இங்கேயே இருந்தவர்களைத்தான் சொல்கிறேன். வேறு ஊருக்கு மாறியவர்களும் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் 42 பேருக்கு ஒரு பருவம் அங்கே வந்து படிக்க இடம் கொடுத்தது. நிலநடுக்கத்தால் ஆக்ஸ்ஃபோர்டு போனவர்கள் என்று அவர்களைக் கொஞ்சம் பொறாமையோடு பேசிக்கொண்டோம்.

எங்களுக்கு மாடிக்குப் போக அனுமதி கிடைப்பது பொறியாளரைப் பொறுத்தது. ஒருநாள் எங்களோடு வந்தவர் எங்கள் பல்கலைக்கழகத்திலேயே படித்தவர். தூணில் ஓடிய மயிரிழை விரிசலைக் காட்டி, இது பரவாயில்லை என்றார். அப்புறம் ரேக்கில் சாய்ந்துகொண்டு ஒரு பாடமே நடத்தினார். உலகம் முழுக்க நிலநடுக்கத்துக்கு ஏற்றபடி கட்டடம் கட்டுகிற முறையில் ஒரு பெரிய பங்கு இங்கே, ராபர்ட் பார்க், டாம் பாலே என்ற இரண்டு பேராசிரியர்கள் வளர்த்தது. எந்தக் கட்டடமும் பெரிய ஆட்டத்தில் எங்காவது விட்டுக்கொடுக்கத்தான் செய்யும். எங்கே என்பதை நாம் முன்கூட்டியே தீர்மானித்துவிட வேண்டும். உத்தரம் வளையட்டும், தூண் நிற்கட்டும். வீட்டில் ஃபியூஸ் போவது போல. "அப்படிக் கட்டின கட்டடத்தில் இருந்து ஆட்கள் நடந்து வெளியே வருவார்கள்" என்றார். "கட்டடம்?" என்று கேட்டேன். "பெரும்பாலும் இடிக்க வேண்டியதுதான்." நகர மையத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்களை அப்புறம் இடித்தார்கள். அவற்றில் சொன்னபடி வளைந்து ஆட்களைக் காப்பாற்றியவையும் இருந்தன. அந்த வரியை நான் இன்னும் நினைத்துக்கொள்கிறேன். நாங்கள் செப்டம்பரில் செய்தது அதற்கு நேர் எதிர். எதுவுமே வளையக்கூடாது, எல்லாம் பழைய இடத்திலேயே நிற்க வேண்டும் என்று அடுக்கினோம்.

இரண்டாம் முறை அடுக்கும்போது யாருக்கும் பெருமை இல்லை. ஜூன் 13 மதியம் ஒரு மணிக்கு ஓர் ஆட்டம், 2.20க்கு இன்னொன்று, அதைவிடப் பெரிது. அடுக்கியதில் ஒரு பகுதி மறுபடியும் தரையில். அன்று எங்கள் பொறுப்பாளர் மன்டட் என்றுகூடச் சொல்லவில்லை. காலைத் தேநீர் தவறிவிட்டது என்று மதியம் மூன்று மணிக்குப் புல்வெளியில் வைத்து எல்லோருக்கும் பிஸ்கட் கொடுத்தார். யாரும் எண் சொல்லி விளையாடவில்லை.

சுற்றறிக்கைகளில் 'மீட்சி' என்ற சொல் வரும்போதெல்லாம் எனக்கு ஓர் உறுத்தல். புத்தகங்கள் பூட்டிய கட்டடத்துக்குள் கிடந்த அந்த மாதங்களில் பாடங்கள் நடந்தன, தேர்வுகள் நடந்தன, பிள்ளைகள் தேறினார்கள். ஸ்கேன் செய்த பக்கங்களும் மின்நூல்களும் போதுமாக இருந்தன. என்னிடம் வந்து கேட்டவர்கள், "உட்கார்ந்து படிக்க எப்போ இடம் கிடைக்கும்?" என்றுதான் கேட்டார்கள். தலைக்கவசத்தோடு போய் எடுத்து வர வேண்டிய புத்தகம் என்று வந்த சீட்டுகள் மிகக் குறைவு. முதுகு ஒடியத் தூக்கிய மூட்டைகளில் பாதியை யாரும் தேடவில்லை என்பது அடுக்குபவனுக்குக் கொஞ்சம் கசப்பான செய்திதான். பிறகு ரேக்குகள் குறைந்து மேசைகள் கூடியபோது நான் எதிர்த்துப் பேசவில்லை. மேசைக்கு அடியில் ஒளிந்தவன் மேசைக்கு எதிராக என்ன பேச முடியும்.

மாணவர் எண்ணிக்கை சரிந்தது. 2013ல் அரசு அறிவியல், பொறியியல் கட்டடங்களுக்கு 26 கோடி டாலர் வரை தருவதாக அறிவித்தது. 2018ல் ரூதர்ஃபோர்டு பெயரில் புதுக் கட்டடம் திறந்தார்கள். ஜேம்ஸ் ஹைட் கட்டடம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. நாங்கள் குடியிருந்த தெரு, இனிக் குடியிருக்க ஏற்றதல்ல என்று அரசு ஒதுக்கிய சிவப்பு மண்டலமாகி வீடுகள் போய்விட்டன. இப்போது அங்கே புல்லும், யார் வீட்டுத் தோட்டத்திலோ நின்ற ஒரு எலுமிச்சை மரமும்தான். காய்க்கும் காலத்தில் போய்ப் பறித்து வருவோம்.

போன வருடம் எங்கள் பகுதிக்கு ஒரு பையன் புதிதாகச் சேர்ந்தான். நிலநடுக்கம் நடந்தபோது அவனுக்கு ஐந்து வயது, வேறு ஊர். கனமான புத்தகங்களைக் கீழே அடுக்கச் சொன்னேன், அடுக்கினான். பிறகு அண்ணாந்து பார்த்து, "மேல் தட்டு எல்லாம் காலியாக் கிடக்கே, அங்கே வைக்கட்டுமா?" என்றான். வேண்டாம் என்றேன். "இடம் வீணாப் போகுதே" என்றான். நான் பதில் சொல்வதற்குள் கீழே சாமான் இறக்கும் இடத்துக்கு ஒரு லாரி பின்னால் வந்து இடித்து நின்றது. ஜன்னல் லேசாக அதிர்ந்தது. என் ஒரு கை ட்ராலியையும் இன்னொரு கை அவன் சட்டையையும் பிடித்திருந்தது. அவன் சட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு கையில் இருந்த புத்தகத்தை இரண்டாம் தட்டில் வைத்தான்.