ஏரிக்கரையில் இரண்டு இரவுகள்

நிலவில்லாத தேதியாகப் பார்த்து அந்த மலை ஏரிக்குப் போயிருந்தேன். கரையில் ஏற்றிக் கட்டியிருந்த ஒரு படகு, அதற்கு மேலே பால்வீதி. இந்த ஒரு படத்துக்காகத்தான் அத்தனை தூரம்.

முதல் இரவு கோட்டை விட்டேன். ஐஎஸ்ஓ-வை, அதாவது பதிவான வெளிச்சத்தைக் கேமரா பெருக்கிக் காட்டும் அளவை, கூட்டினால் நாய்ஸ் (படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் சொரசொரப்பு) வரும் என்ற பயம் எனக்கு நெடுநாளாக உண்டு. அதனால் 400-ஐத் தாண்டவில்லை. லென்ஸின் திறப்பையும் எஃப் 4-லேயே வைத்திருந்தேன் (இந்த எண் குறையக் குறையத் திறப்பு பெரிதாகும்). கன்னங்கரேலென்று வந்த படங்களை அறைக்கு வந்து லேப்டாப்பில் வெளிச்சம் கூட்டினேன். படகின் நிழல் பக்கம் முழுக்கச் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள், மணலை வாரி இறைத்த மாதிரி. நாய்ஸ் குறைக்கும் ஸ்லைடரை இழுத்தேன். வண்ணப் புள்ளிகள் சட்டென்று அடங்கின. மீதமிருந்த சொரசொரப்பையும் போக்க இன்னும் இழுத்தபோது, படகுக் கயிறு மெழுகில் வார்த்தது போல் ஆகிவிட்டது. சின்னச் சின்ன நட்சத்திரங்களும் அதோடு போயின.

அன்று தூக்கம் பிடிக்கவில்லை. கேமராவுக்குள் ஒளியைப் பதியும் சென்சாரில், ஒளி துகள் துகளாகத்தான் விழுகிறது. படத்தின் ஒரு புள்ளிக்கு, அதாவது ஒரு பிக்ஸலுக்கு, சராசரியாக 100 ஃபோட்டான் (ஒளித்துகள்) கிடைத்தால், அதில் 10 அளவுக்குக் கூடும், குறையும். 10 சதவீதத் தடுமாற்றம். 10,000 கிடைத்தால் தடுமாற்றம் 100. வெறும் 1 சதவீதம். பஞ்சம் வெளிச்சத்துக்கு, பழியை நான் ஐஎஸ்ஓ மேல் போட்டிருந்தேன். போதாக்குறைக்கு, கேமராவின் மின்சுற்றும் தன் பங்குக்கு நாய்ஸ் சேர்க்கிறது. குறைந்த ஐஎஸ்ஓ-வில் எடுத்துப் பிறகு வெளிச்சத்தைத் தூக்கினால் அதுவும் கூடவே எழுந்து வரும். (என் கேமராவில் அப்படி. சில புதிய சென்சார்களில் இந்த வித்தியாசம் சொற்பம்.)

மறுநாள் இரவு எஃப் 2.8, 20 விநாடி, ஐஎஸ்ஓ 3200. எஃப் 4-ஐ விட இரு மடங்கு வெளிச்சம். ட்ரைபாடைத் தொடாமல் அடுத்தடுத்து 16 படங்கள், எல்லாம் ரா ஃபைலில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு). கயிறு எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் இருக்கும். நாய்ஸ் படத்துக்குப் படம் மாறும். 16-ஐயும் சேர்த்துச் சராசரி எடுத்தால் நாய்ஸ் நான்கில் ஒரு பங்காகிறது. நட்சத்திரங்கள் நகர்வதால் வானத்தைத் தனியாக, தரையைத் தனியாகப் பொருத்த வேண்டும். கடைசியில் லென்ஸை மூடி, அதே 20 விநாடியில் சில படங்கள். சென்சார் சூட்டால் ஒரே இடத்தில் மின்னும் புள்ளிகளைக் கழிக்க இவை வேண்டும். குளிரில் கை விறைத்தாலும் இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

செயற்கை நுண்ணறிவு கொண்டு நாய்ஸ் நீக்கும் மென்பொருள்கள் இப்போது நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனாலும் படத்தில் பதிவாகாத கயிற்று முறுக்கை அவை ஊகித்துத்தான் வரைய முடியும். எனக்கு அந்தக் கயிறே வேண்டியிருந்தது.

விடிவதற்குள் 16 படங்களையும் சேர்த்து, படகின் முனையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முப்புரிக் கயிறு. மூன்று புரியும் தனித்தனியாகத் தெரிந்தன. நடுப்புரியிலிருந்து பிரிந்து நின்ற ஒரு நார்கூட.