ஆறு மணிப் பூட்டு

"பூட்டுவோம்" என்றேன்.

இரண்டு மணி நேரக் கூட்டத்தில் நான் பேசிய மற்றதெல்லாம் மறந்துவிட்டது. இந்த ஒரு சொல் மட்டும் பல் இடுக்கில் சிக்கிய நார்போலக் கிடக்கிறது.

கேட்டவர் முன்வரிசையில் இருந்த பெரியவர். நான் விரித்துவைத்த ஸ்கேட் பூங்கா வரைபடத்தின் பக்கம் அவர் திரும்பவே இல்லை. "பிள்ளை, கொங்கிரீட்டை எப்படியாவது போடுங்கள். ஆறு மணிக்குக் கேற்றைப் பூட்டுவீர்களா, மாட்டீர்களா? அதைச் சொல்லுங்கள்." அதற்குச் சற்று முன்தான் டோக்கியோ ஒலிம்பிக் கதையை எடுத்துவிட்டிருந்தேன். 2021இல் ஸ்கேட்போர்ட் முதல்முறையாக அங்கே சேர்க்கப்பட்டதையும், மொமிஜி நிஷியா என்ற பதின்மூன்று வயதுச் சிறுமி தங்கம் வென்றதையும் சொன்னேன். பின்வரிசையிலிருந்து ஒரு தாய், "அந்தப் பிள்ளை எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகும்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பிலேயே கூட்டம் என் கையை விட்டுப் போய்விட்டது.

அவர்கள் பயப்படுவதில் பிழை இல்லை. இருட்டில் ஒதுக்குப்புறமாக ஓர் இடம் கிடந்தால் ஐஸ் போதைப்பொருள் விற்பவன் எவ்வளவு சீக்கிரம் அங்கே வந்து சேருவான் என்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நானும் கொழும்பில், கொட்டாஞ்சேனையில்தான் வளர்ந்தேன். அயலவர்களின் சம்மதக் கடிதம் இல்லாமல் காணியும் கிடைக்காது. ஆகவே நான் செய்தது சரி. இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், பெரும்பாலும் பஸ்ஸில்.

கூட்டம் முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அந்தப் பையன் வாசலில் நின்றான். கக்கத்தில் பலகை, காலில் புறக்கோட்டைக் கடைத்தெருத் தூசி. இந்த வரைபடத்தில் ஏதாவது உருப்படியாக இருக்கிறதென்றால் பாதி அவன் சொன்னது. ஒரு நாள் பலகையைக் கவிழ்த்துப் பிடித்து, சில்லை விரலால் சுண்டிக் காட்டினான். உள்ளங்கைக்குள் அடங்கும் சில்லு, கல்போலக் கடினம். பிறகு தரையில் இருந்த ஒரு சிறு கல்லைக் காட்டி, "இது போதும் அக்கா, பலகை நின்றுவிடும், நான் மட்டும் போவேன்" என்றான். வடிகால் மூடியின் பிளவுகள் ஓடும் திசைக்குக் குறுக்காக இருக்க வேண்டும் என்றும், நீளவாக்கில் போட்டால் சில்லு விழுந்துவிடும் என்றும் சொன்னதும் அவன்தான். நூறுக்கு ஒன்று என்று சரிவு வைத்து மழைத் தண்ணீரை வடியவைக்க எனக்குத் தெரியும். அந்தத் தண்ணீர் போய் விழும் இடத்தில் ஒரு பல் உடையலாம் என்பது எனக்குத் தோன்றவில்லை.

அன்று அவன் கேட்டது ஒன்றுதான். கேட்டான் என்றுகூடச் சொல்ல முடியாது. "நான் கடையிலிருந்து வர ஆறரை ஆகும், அக்கா."

"ஞாயிற்றுக்கிழமை இருக்கிறதே, தம்பி. போயா விடுமுறை நாளும் வரும்."

"ஓம், அக்கா" என்றான். அவ்வளவுதான்.

கோபப்பட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். என்னிடம் பதில்கள் நிறைய இருந்தன. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு சீமெந்து ஏறிய விலைக்கு மதிப்பீட்டைத் திரும்பத் திரும்ப மாற்றினோம். ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்றை வெட்ட வேண்டியிருந்தது. முதலில் போனது விளக்குகள். விளக்கு இல்லாத இடத்தை இருட்டிய பிறகு எப்படித் திறந்துவைப்பது? பூட்டு பெரியவருடைய நிபந்தனை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கணக்கைத் திருப்பிப் பார்த்தால், விளக்குகளை வெட்டிய அன்றே பூட்டை நான் போட்டுவிட்டேன். அவர் அதை வாய்விட்டுக் கேட்டார், அவ்வளவே.

நான் பார்த்துப் பழகிய வெளிநாட்டு ஸ்கேட் பூங்காப் படங்களில் எல்லாம் நீண்ட மாலை வெயில். ஒன்பது மணிக்கும் பிள்ளைகள் விளையாடுவார்கள். கொழும்பில் வருடம் முழுவதும் ஆறு, ஆறரைக்குள் சூரியன் போய்விடும். பள்ளிக்கூடம் விட்டு, ரியூஷன் முடிந்து ஒரு பிள்ளை வெளியே வரும்போது இருட்டியிருக்கும். கடையில் நிற்கும் பிள்ளைக்கும் அப்படித்தான். ஆறு மணிக்குப் பூட்டினால் அந்த இடம் யாருக்கு? பிற்பகல் மூன்று மணி வெயிலில் சுடும் கொங்கிரீட்டில் ஓடக்கூடியவர்களுக்கு. அப்படி யாரையும் எனக்குத் தெரியாது.

எட்டு மணி என்று பேரம் பேசியிருக்கலாம். காவலுக்குத் தாய்மாரில் இருவர் மாறிமாறி நிற்கலாம் என்று கேட்டிருக்கலாம். யார் கண்டது, சம்மதித்திருப்பார்கள். ஆனால் அந்த நேரத்தில் நான் மனதுக்குள் கையெழுத்துகளை எண்ணிக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு வந்துவிட்டது, இன்னும் எட்டு வேண்டும். பெரியவர் போட்டால் அவருக்குப் பின்னால் பத்துப் பேர் போடுவார்கள். போட்டார்கள்.

பூங்காவே இல்லாமல் போவதைவிட ஆறு மணிவரை திறந்திருக்கும் பூங்கா மேல் என்று என் மேலதிகாரி சொல்கிறார். சரிதான். அவருக்கு அந்தப் பையனைத் தெரியாது.

கடந்த வாரம் இறுதி வரைபடத்தில், கொங்கிரீட்டுக்கு அடியில் கேற்றடியிலிருந்து நான்கு மூலைக்கும் இரண்டு அங்குல பிவிசி குழாய் ஓடுவதாக வரைந்தேன். உள்ளே எதுவும் கிடையாது. கொங்கிரீட் போட்ட பிறகு மின்கம்பிக்காக அதை உடைக்க முடியாது. முதலிலேயே புதைத்துவிட வேண்டும். கணக்குப் பார்ப்பவர் அந்த வரியில் விரலை வைத்து, இது எதற்கு என்று கேட்டார்.

"பிறகு தேவைப்படும்" என்றேன்.

"பிறகு என்றால் எப்போது, மிஸ்?"

தேநீர் ஆறிவிட்டதாகச் சொல்லி எழுந்து போய்விட்டேன்.