கார்டு பாக்கி கட்டியாச்சு, கணக்கு மட்டும் முடியலை

கிரெடிட் கார்டு பாக்கிக்குப் பணம் புரட்டியதுகூடப் பெரிய பாடாக இல்லை. கட்டிய பணத்தை வங்கியை எழுத்தில் ஒப்புக்கொள்ள வைப்பதற்குள்தான் நாக்குத் தள்ளிவிட்டது.

மினிமம் ட்யூ, அதாவது மாதாமாதம் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகையின் கணக்கு தெரிந்ததுதான். 60,000 பாக்கிக்கு மாத வட்டி 3.5 சதவீதம் என்றால் 2,100 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 378. மினிமம் 5 சதவீதம், அதாவது 3,000 கட்டினால் அசலில் கழிவது வெறும் 522. வருஷத்துக்கு 42 சதவீதம் வட்டி! வங்கியில் நகையை வைத்தால் சுமார் 9, 10 சதவீதம்தான். அதனால் நகையை வைத்து மொத்தமாகக் கட்டுவதே சரி. ஆனால் நகைக்கடனுக்கும் கெடு உண்டு. அந்தத் தேதிக்குள் திருப்பவோ மறுவைப்பு வைக்கவோ வேண்டும். விட்டால் ஏல நோட்டீஸ்தான்.

வசூல் ஏஜென்ட், "பாதி கட்டுங்க சார், செட்டில்மென்ட் போட்டுடலாம், சிபில் தானா க்ளியர் ஆயிடும்" என்பார். ஆகாது. நம் கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் நிறுவனம்தான் சிபில்; அதன் ரிப்போர்ட்டில் "க்ளோஸ்டு" என்பதற்குப் பதில் "செட்டில்டு" என்று ஏறும். நாளைக்கு வீட்டுக்கடன் கேட்டுப் போனால் மேனேஜர் கண் முதலில் அங்கேதான் நிற்கும். வேறு வழியே இல்லாமல் செட்டில்மென்ட்டுக்குப் போகிறவர்கள், தொகையும் கெடுவும் எழுதிய கடிதம் வங்கியின் மெயிலிலிருந்து வந்த பிறகே கட்டுங்கள். ஏஜென்ட் தரும் யுபிஐ ஐடிக்கு ஒரு ரூபாயும் போடாதீர்கள். பணம் நேராகக் கார்டு கணக்குக்கே போகட்டும். காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காக அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் (ஆர்பிஐ) விதி. இதைச் சொன்னதுமே குரல் இறங்கிவிடுகிறது.

அடுத்த சிக்கல் ஒட்டு வட்டி. ஸ்டேட்மென்ட்டில் உள்ள தொகையை முழுசாகக் கட்டினாலும், பில் தேதியிலிருந்து கட்டிய நாள் வரைக்குமான வட்டி அடுத்த பில்லில் வரும். முடிந்துவிட்டது என்று அந்த பில்லைத் திறக்காமல் விட்டால் சில நூறு ரூபாய்க்கு லேட் ஃபீஸ் ஏறி, மறுபடி ஓவர்ட்யூ ஆகிவிடும். எனவே கட்டும் அன்றைக்கு கஸ்டமர் கேரில் "இன்றைய தேதிக்கு க்ளோஷர் தொகை எவ்வளவு" என்று கேட்டுக் கட்டுங்கள்.

கார்டை வெட்டிப் போட்டால் கணக்கு மூடாது. எழுத்தில் கேட்க வேண்டும். பாக்கி இல்லாத கார்டை 7 வேலை நாளில் மூடாவிட்டால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வங்கி தர வேண்டும். கிளையில் போய் நின்றால், "கார்டு டிவிஷன் வேற சார், எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்று கம்ப்யூட்டரிலிருந்து முகத்தை எடுக்காமலே பதில் வருகிறது. அலைய வேண்டாம். வங்கியின் குறைதீர்ப்பு மெயிலுக்கே எழுதி, புகார் எண் வாங்கி, பாக்கி எதுவும் இல்லை என்ற சான்றான என்ஓசி கேளுங்கள். போனில் பேசியதற்குச் சாட்சி கிடையாது.

என்ஓசி கைக்கு வந்த பிறகும் சிபிலில் பழைய பாக்கி அப்படியே நின்றதுதான் எரிச்சலின் உச்சம். சிபில் தளத்தில் பதிவு தவறு என்று டிஸ்பியூட் போட வேண்டும். அவர்களாகத் திருத்த மாட்டார்கள், வங்கியைத்தான் கேட்பார்கள். அதனால் வங்கிக்கும் என்ஓசி நகலோடு அதே நாளில் மெயில் போட்டுவிடுங்கள். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. 2024 ஏப்ரலிலிருந்து இது நடைமுறையில் உள்ளது. வங்கி 30 நாளில் பதிலே தராவிட்டால் ஆர்பிஐயின் சிஎம்எஸ் என்ற புகார் தளத்தில் ஒம்புட்ஸ்மேனிடம் (வங்கிப் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர்) போகலாம், கட்டணமில்லை. அந்தப் பெயரை மெயிலில் எழுதிய பிறகுதான் எங்கள் கோப்பு நகர்ந்தது.

தாமதமாகக் கட்டிய மாதங்களின் பதிவு இதனால் அழியாது. "பாக்கி 0, க்ளோஸ்டு" என்று வந்தால் போதும். சிபிலில் சரியானதும் விட்டுவிடாமல், அதைப் போன்ற மற்ற நிறுவனங்களான ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், க்ரிஃப் ஹை மார்க் ரிப்போர்ட்டுகளையும் எடுத்துப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசம்.