மூன்றாவது வரிசையில் யார் உட்காருவது?

எங்கள் வீட்டில் ஏழு பேர். நான், வீட்டுக்காரர், பெரியவன், சின்னவள், அத்தை, மாமா, அப்புறம் காலேஜ் படிக்க மதுரையிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருக்கும் நாத்தனார் மகள். இருக்கிற காரில் ஐந்து பேர்தான் உட்காரலாம். ஊருக்குக் கிளம்பும்போதெல்லாம் இரண்டு பேர் பஸ்ஸில் வர வேண்டும், அந்த இரண்டு பேர் யார் என்பதற்கு ஒவ்வொரு பண்டிகைக்கும் ஒரு பஞ்சாயத்து நடக்கும். போன தீபாவளிக்கு மாமா "நான் பஸ்ஸிலேயே வரேன், காலை நீட்டிப் படுக்கலாம்" என்று ஸ்லீப்பரில் ஏறிப் போய்விட்டார், நாங்கள் அத்திப்பள்ளி டோலில் நின்றுகொண்டிருந்த நேரத்தில் அவர் கிருஷ்ணகிரியைத் தாண்டியிருந்தார். அன்றைக்குத்தான் ஏழு பேர் வண்டி வாங்குவது என்று முடிவானது. பெங்களூர் டிராஃபிக்கில் ராமமூர்த்தி நகரிலிருந்து ஆபீஸுக்குப் போய் வருவதற்கே பெட்ரோல் காசு கண்ணைக் கட்டுகிறது, அதனால் மின்வண்டி என்பதும் கூடவே முடிவாகிவிட்டது.

வீட்டுக்காரர் உடனே எக்ஸெல் ஷீட் போட்டார். பேட்டரி, ரேஞ்ச் (ஒரு தடவை சார்ஜ் ஏற்றினால் ஓடும் தூரம்), விலை, சார்ஜ் ஆகும் நேரம், ஏர்பேக் என்று பதினெட்டு பத்தி. அத்தையின் முழங்காலுக்கு அதில் ஒரு பத்திகூட இல்லை.

முதலில் போன ஷோரூமின் பெயர் வேண்டாம். பார்க்க ராஜா மாதிரி இருந்தது வண்டி, உயரமாக, மூக்கு முழுக்க விளக்கு. சேல்ஸ் தம்பி நடு வரிசை இருக்கையை மடித்து, "ஏறிப் பாருங்கம்மா" என்றார். அத்தை சேலையைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு கையால் கதவுப் பக்கத்துப் பிடியைப் பிடித்து, வலது காலை உள்ளே வைத்தார். இடது கால் வரவில்லை. மடிந்திருந்த இருக்கையின் கொக்கியில் முந்தானை மாட்டிக்கொண்டது. நான் பின்னால் நின்று முந்தானையை எடுத்துவிட, பெரியவன் உள்ளேயிருந்து கையைக் கொடுத்து இழுக்க, ஒரு வழியாகக் கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் முழங்கால் இரண்டும் நெஞ்சுக்கு வந்துவிட்டது. கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "ஆட்டுக்கல்லு முன்னால உக்காந்த மாதிரி இருக்குடி, உளுந்து மட்டும்தான் இல்ல" என்றார். தம்பிக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் புரிந்துவிட்டது போல, அவரும் சிரித்தார்.

இது ஏன் என்று பிறகு புரிந்தது. மின்வண்டியில் பேட்டரி தரைக்கு அடியில் ஒரு மெத்தை மாதிரி பரப்பி வைக்கப்பட்டிருக்கிறது, அதனால் உட்புறத் தரை மேலே வந்துவிடுகிறது. கூரையையும் அதே அளவுக்கு உயர்த்தினால் வண்டி வேன் மாதிரி ஆகிவிடும், காற்றைக் கிழித்துப் போவதும் கஷ்டம், ரேஞ்ச் அடிவாங்கும். எனவே இருக்கைக்கும் தரைக்கும் நடுவே இருக்கிற இடைவெளியில்தான் கை வைக்கிறார்கள். அதிலும் பின்பக்கம் கூரை சரிந்து இறங்கும் வண்டியாக இருந்தால் காலுக்கும் இடமில்லை, தலைக்கும் இடமில்லை. போட்டோவில் அழகாகத் தெரிகிற சரிவு அது. பெட்டி மாதிரி நேராக நிற்கிற வண்டியைப் பார்த்து "இது எஸ்யூவியே இல்ல, எம்பிவி" (வேன் மாதிரியான குடும்ப வண்டி) என்று மூக்கைச் சுழிக்கிறவர்கள் ஒரு தடவை பின்னால் ஏறி ஓசூர் வரைக்கும் போய்ப் பார்க்கட்டும்.

சரி, கடையில் என்ன கிடைக்கிறது? கியா காரன்ஸ் கிளாவிஸ் இவி 2025 ஜூலையில் வந்தது, அப்போது ஷோரூம் விலை 17.99 லட்சத்திலிருந்து 24.49 லட்சம் வரை. 42 யூனிட் கரண்ட் பிடிக்கிற பேட்டரிக்கு 404 கி.மீ., 51.4 யூனிட்டுக்கு 490 கி.மீ. என்று கம்பெனிக் கணக்கு. மஹிந்திரா எக்ஸ்இவி 9எஸ்-ஐ அதே வருஷம் நவம்பரில் நம்ம பெங்களூரிலேயே மேடை போட்டு அறிமுகப்படுத்தினார்கள், அப்போது 19.95 லட்சத்தில் ஆரம்பித்து 29.45 லட்சம் வரை போனது, பெரிய 79 யூனிட் பேட்டரிக்கு 679 கி.மீ. சொல்கிறார்கள். பிஒய்டி இமேக்ஸ் 7 என்பது 2024 அக்டோபரில் 26.90 லட்சத்துக்கு வந்தது, அதில் ஆறு பேர் உட்காரும் வகையும் உண்டு, நடுவில் தனித்தனி இருக்கை என்பதால் எதையும் மடிக்காமலே பின்னால் நடந்து போய்விடலாம். எங்களுக்கு ஆறு போதாது, இல்லையென்றால் அதைத்தான் முதலில் பார்த்திருப்பேன். இதற்கு மேலே போனால் எம்ஜி எம்9, வந்தபோது 69.90 லட்சம். கியா இவி9, வந்தபோது ஒன்றரைக் கோடிக்கு ஒரு இருபது லட்சம் குறைவு. அதையெல்லாம் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வரலாம்.

விலையில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். மின்வண்டிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான், பெரிய டீசல் எஸ்யூவிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 40. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டே இருக்க முடியாது, ஏனென்றால் 25 லட்சத்துக்கு மேல் போகும் மின்வண்டிகளுக்கு 2024-ல் கர்நாடகா 10 சதவீத ஆயுள் வரி போட்டது. 26 லட்சத்து வண்டி என்றால் இரண்டரை லட்சத்துக்கு மேல் வரியாகவே போய்விடும். எனவே ஷோரூம் விலையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், ஆன்ரோடு விலையைக் காகிதத்தில் எழுதி வாங்குங்கள்.

பொங்கலுக்கு ஒரு நல்ல காரியம் நடந்தது. வீட்டுக்காரரின் ஆபீஸ் நண்பர் வெளிநாடு போனதால் தன்னுடைய கிளாவிஸ் இவியை நாலு நாள் எங்களிடம் கொடுத்தார், 51.4 யூனிட் வண்டி. ஏழு பேரும் ஏறினோம். எங்கள் வீட்டிலிருந்து மதுரை 430 கி.மீ. சொச்சம். 490 என்று கம்பெனி சொன்னதை நம்பி ஒரே மூச்சில் போக நினைக்காதீர்கள், அது சோதனைக்கூடத்து எண். ஏழு பேர், ஏசி, 90 வேகம் என்று வைத்துக்கொண்டால் கம்பெனி எண்ணில் முக்கால் பங்குக்கும் கொஞ்சம் கீழே என்பது என் கணக்கு.

98 சதவீதத்தில் கிளம்பினோம். சேலத்தில் 41 சதவீதம் மிச்சம். வீட்டுக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை, தொப்பூர் இறக்கத்தில் பிரேக்கே தொடாமல் மோட்டாரை வைத்தே வண்டியைப் பிடித்து, திரையில் கரண்ட் திரும்பி ஏறுவதை எல்லோருக்கும் காட்டிக்கொண்டே வந்தார். (லாரிகள் பிரேக் பிடிக்காமல் கவிழ்கிற அந்த இறக்கத்தில் ரோட்டைப் பார்க்காமல் திரையைப் பார்க்கிறாரே என்று எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது.) திரும்பி வரும்போது சேலத்தில் 95 வைத்துக்கொண்டு கிளம்பினோம், வீட்டுக்கு வந்தபோது 22. போகும்போது 57 சதவீதம் தின்ற அதே ரோடு, வரும்போது 73 தின்றிருக்கிறது.

வண்டியில் கோளாறு ஒன்றும் இல்லை. பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர், சேலம் 280-க்குப் பக்கம். ஏழு பேரும் மூட்டையும் சேர்த்து இரண்டு டன்னுக்கு மேலே இருக்கும் ஒரு வண்டியை 640 மீட்டர் தூக்க சுமார் 4 யூனிட் கரண்ட் வேண்டும், அதில் மோட்டாரில் வீணாவதும் கொஞ்சம். இறங்கும்போது அதில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கிறது. எனவே தெற்கே ஊர் உள்ள பெங்களூர்க்காரர்கள் போகிற கணக்கை நம்பக் கூடாது. வருகிற கணக்கு வேறு, அதுவும் ஊரிலிருந்து வரும்போது யார் வெறுங்கையோடு வருகிறோம்? இருபத்தைந்து கிலோ அரிசி, பத்துத் தேங்காய், ஊறுகாய் ஜாடி. மூன்று வரிசையும் நிமிர்ந்திருக்கும்போது பின்னால் டிக்கி 216 லிட்டர்தான், இமேக்ஸ் 7-ல் 180. இரண்டு சின்னப் பெட்டி வைத்தால் முடிந்தது. அரிசி மூட்டை பெரியவன் காலுக்கடியில் வந்தது. ஆனால் முன்னால், பெட்ரோல் வண்டியில் இஞ்சின் இருக்கிற இடத்தில், 25 லிட்டரில் ஒரு டப்பா இருக்கிறது. மாமாவுடைய கருவாட்டுப் பொட்டலத்தை அதில் வைத்து மூடினோம். வீடு வரைக்கும் ஒரு பொட்டு வாடை உள்ளே வரவில்லை. எந்த விளம்பரத்திலாவது இதைச் சொல்கிறார்களா?

சார்ஜ் ஏற்றுகிற கதையையும் சொல்லிவிடுகிறேன். போகும்போது நாமக்கல் பக்கம் ஒரு ஓட்டலில் நிறுத்தினோம். சார்ஜரில் வண்டிக்கு மாட்டுகிற கன் இரண்டு, ஒன்றில் உயிரில்லை. இன்னொன்றில் ஒரு வண்டி மாட்டியிருக்க, அதன் திரையில் 94 சதவீதம், ஆள் சாப்பிடப் போய்விட்டார். 80-க்கு மேல் பேட்டரி மெதுவாகத்தான் வாங்கும், குடம் நிரம்பி வரும்போது குழாயைத் திருகிக் குறைக்கிற மாதிரி, அது பேட்டரியின் பாதுகாப்புக்கு. ஆகவே அந்தக் கடைசி 6 சதவீதத்துக்காக நாங்கள் கால் மணி நேரம் வெயிலில் நின்றோம். கண்ணாடியில் போன் நம்பர் எழுதி வைத்துவிட்டுப் போகிறவர்கள் புண்ணியவான்கள். அப்புறம், 10-லிருந்து 80-க்கு 39 நிமிஷம் என்று விளம்பரத்தில் வருவது 100 கிலோவாட் சார்ஜரில். நெடுஞ்சாலையில் நாங்கள் பார்த்தது பெரும்பாலும் 60 அல்லது 30. சில 60-ல் இரண்டு வண்டி மாட்டினால் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக் கொடுக்கும். 180 கிலோவாட்டில் வாங்குகிற பெரிய வண்டியாக இருந்தாலும் 30 கொடுக்கிற இடத்தில் 30தான்.

ஏறி இறங்குகிற விஷயம் இந்தப் பயணத்தில்தான் தெளிந்தது. அத்தையும் மாமாவும் நடு வரிசை, அதில் பேச்சே இல்லை. கடைசி வரிசைக்குப் பெரியவன் அல்லது சின்னவள், கூட நாத்தனார் மகள். அப்படியானால் எந்த வண்டியானாலும் முதலில் பார்க்க வேண்டியது நடு இருக்கை இடுப்பு உயரத்தில் இருக்கிறதா, திரும்பி உட்கார்ந்தபடி காலைத் தூக்கி வைக்க முடிகிறதா என்பது. அடுத்தது, அத்தை இறங்காமலே பிள்ளைகள் பின்னாலிருந்து வெளியே வர முடியுமா? கிளாவிஸில் பொத்தானை அமுக்கினால் நடு இருக்கை தானாக மடிந்து முன்னால் கவிழ்கிறது, அதுவும் மாமா பக்கம். மாமா எப்படியும் டீக்கு இறங்கத்தான் போகிறார்.

வீட்டுக்காரருக்கு 9எஸ் மேல்தான் ஆசை. நியாயமான ஆசைதான், 79 யூனிட் என்றால் மதுரைக்கு வழியில் நிற்காமலே போய்விடலாம், முன் டப்பாவே 150 லிட்டர், கருவாட்டுக் கடையே வைக்கலாம். ஆனால் எங்கள் பேஸ்மென்ட் இடம் இரண்டு தூணுக்கு நடுவில் இருக்கிறது. டேப்பை எடுத்து அளந்தேன். 4.74 மீட்டர் நீளமும் 1.9 மீட்டர் அகலமும் உள்ள வண்டியை அதில் விட்டால் அத்தை பக்கத்துக் கதவு பாதிதான் திறக்கும். 4.55 நீளமும் 1.8 அகலமும் உள்ளதற்குக் கதவு முழுசாகத் திறக்கிறது. பதினெட்டுப் பத்தி ஷீட் அந்தப் பத்து சென்டிமீட்டரில் முடிந்துபோனது. ஜாக்கி, ஸ்டெப்னி இருக்கிறதா, பஞ்சர் கிட் மட்டுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள், பல மின்வண்டிகளில் ஸ்டெப்னியே கிடையாது.

கிளாவிஸையே புக் பண்ணிவிட்டோம், ஆறு வாரம் ஆகும் என்றிருக்கிறார்கள். அதற்கு முன்பே பேஸ்மென்டில் சார்ஜ் பாயின்ட் போட அப்பார்ட்மென்ட் அசோசியேஷனோடு இரண்டு மாதம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. "தீப்பிடிச்சா யார் பொறுப்பு" என்று ஒருவர், "எல்லாரும் கேட்டா லோடு எங்கே போறது" என்று இன்னொருவர். இரண்டாவது கேள்வி நியாயமானது, ஆனால் அதற்குப் பதில் மறுப்பது இல்லை, மொத்த லோடையும் எலக்ட்ரீஷியனை வைத்துக் கணக்குப் பார்ப்பது. கடைசியில் எங்கள் மீட்டரிலிருந்தே தனி வயர் இழுத்து 15 ஆம்பியர் சாக்கெட் போட அனுமதி கிடைத்தது. அதில் மணிக்கு 3 யூனிட்டுக்குப் பக்கம் ஏறும், ராத்திரி பத்து மணி நேரத்தில் 30 யூனிட். தினம் 40 கி.மீ. ஓட்டுகிறவர்களுக்கு 7 யூனிட் போதும், வாரத்துக்கு இரண்டு ராத்திரி மாட்டினால் முடிந்தது. யூனிட்டுக்கு 6 ரூபாய்ச் சொச்சம்தான் ஆகிறது, நெடுஞ்சாலையில் நாங்கள் கொடுத்தது 20-க்கு மேல்.

சாக்கெட் போட்டுப் பதினைந்து நாள் ஆகிறது. நேற்று கீழே போய்ப் பார்த்தால் அதில் ஒரு ஸ்கூட்டர் சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கிறது. தீப்பிடிச்சா யார் பொறுப்பு என்று கேட்டாரே, அவருடையது.