பால்மரக் காட்டின் ஒற்றையடிப் பாதைகள்: புக்கிட் கியாராவில் ஒரு காலை

முதல் நாள் இரவு நல்ல மழை. காலை ஏழேகாலுக்கு நாங்கள் கோலாலம்பூரின் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் பக்கத்து நுழைவாயிலில் சைக்கிள்களை வண்டியிலிருந்து இறக்கியபோது, மரங்களிலிருந்து நீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. பெரியப்பா மகன் பத்து ஆண்டுகளாக இந்தக் குன்றில் ஓட்டுகிறவர். அவர் செம்மண்ணைக் கையால் கிள்ளி உருட்டிப் பார்த்து, "ஓட்டலாம், ஆனா வேர் எல்லாம் வழுக்கும், டயர்ல காத்தக் கொறைச்சிக்க" என்றார். நான் முன்சக்கரத்தை 22 பிஎஸ்ஐ, பின்சக்கரத்தை 25 பிஎஸ்ஐ என்று இறக்கிவைத்தேன். காற்று குறைந்தால் டயர் தரையில் சற்றுப் பரந்து படியும். ஈரமான வேரின் மேல் ஏறும்போது அந்தச் சிறு பரப்புதான் நம்மைக் காப்பாற்றுகிறது.

ஒருபுறம் தாமான் துன், மறுபுறம் மோண்ட் கியாராவின் வானளாவிய குடியிருப்புகள். இவற்றுக்கு நடுவே நகரத்தால் சூழப்பட்டு நிற்கும் பசுங்குன்று புக்கிட் கியாரா. நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் தார்ச்சாலையோடு நின்றுவிடுவார்கள். மலை சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கோ, தார்ச்சாலையின் ஓரத்தில் புதருக்குள் நுழையும் ஓர் ஆள் அகலப் பாதைகள்தாம் கியாரா. அவை குன்றின் இடுப்பைச் சுற்றி வளைந்து, பள்ளத்தில் இறங்கி, சிற்றோடையைக் கடந்து, மீண்டும் மேலேறி ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அவற்றைப் பல ஆண்டுகளாகத் தன்னார்வலர்களே தங்கள் ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்து வெட்டியும் செப்பனிட்டும் வருகிறார்கள்.

முதல் பாதை மெல்ல ஏறியது. புதியவர்கள் இந்த ஏற்றத்தில்தான் தவறு செய்கிறார்கள். வேகமாக மிதித்து, பாதி வழியில் மூச்சு வாங்கி, காலை ஊன்றிவிடுகிறார்கள். சிறிய கியரில், உடலைச் சற்று முன்சாய்த்து, மார்பைக் கைப்பிடிக்கு அருகில் கொண்டுவந்து, ஒரே சீராக மிதித்தால் பின்சக்கரம் மண்ணைப் பற்றிக்கொள்ளும்; முன்சக்கரமும் தூக்காது. அப்படி ஏறிக்கொண்டிருக்கும்போதுதான் இருபுறமும் நின்ற மரங்களை நான் கவனித்தேன். காட்டு மரங்கள் தாறுமாறாக முளைத்திருந்தாலும், அவற்றுக்கிடையே ஒரே வயதுடைய, ஒரே இடைவெளியில் நின்ற சாம்பல் நிற மரங்கள் வரிசை கலையாமல் இருந்தன. அந்த வரிசையின் பெயர் எனக்குத் தெரியும். பாட்டி அதை நிரை என்பார்.

இந்தக் குன்று ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். நான் வளர்ந்தது பினாங்கில். ஆனால் அம்மாவைப் பெற்ற பாட்டி கோல சிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால் வெட்டியவர். விடிவதற்கு முன்பே பெரட்டுக்கு, அதாவது தோட்டத்து ஆள்கணக்கெடுப்புக்குப் போய், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, நிரை நிரையாக மரத்துக்கு மரம் நடந்த கதையை அவர் எத்தனை முறை சொல்லியிருப்பார்! அவ்வளவு அதிகாலையில் ஏன் வெட்ட வேண்டும் என்று நான் சிறுவனாக இருந்தபோது கேட்டிருக்கிறேன். வெயில் ஏறினால் பால் ஓடாது என்பது அவருடைய பதில். இரவில் மரம் நீரை நிறைத்துக்கொள்வதால் பட்டைக்குள் அழுத்தம் கூடியிருக்கும். வெயிலில் இலை வழியாக நீர் ஆவியாகும்போது அந்த அழுத்தம் குறைந்து பாலும் குறையும் என்ற விளக்கத்தை நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். பாட்டி அதைக் காலால் நடந்தே தெரிந்துவைத்திருந்தார்.

அண்ணன் ஒரு திருப்பத்தில் நிறுத்தி, எங்கள் பாதை ஏன் இவ்வளவு இதமாக ஏறுகிறது என்பதைக் காட்டினார். மலைச்சரிவில் பாதை அமைப்பவர்களுக்கு ஓர் அளவு உண்டு: பாதையின் சாய்வு, அந்தச் சரிவின் சாய்வில் பாதியைத் தாண்டக் கூடாது, சராசரியாக 10 விழுக்காட்டுக்குள் இருந்தால் நல்லது. தாண்டினால் மழைநீர் பாதையையே ஓடையாக்கிக்கொண்டு கீழே பாயும். இரண்டே மழைக்காலத்தில் பாதை அரித்துப் பள்ளமாகிவிடும். ஆண்டெல்லாம் மழை பெய்யும் கோலாலம்பூரில் இந்த அளவை மீறிய பாதை எதுவும் நிலைப்பதில்லை. ஆனால் நாங்கள் நின்ற இடத்தில் அந்தச் சாய்வை யாரும் புதிதாகக் கணக்கிடவில்லை. குன்றைச் சுற்றிப் படிப்படியாக வெட்டப்பட்ட பழைய தோட்டத்து மட்டங்களில் ஒன்றின் மேல்தான் பாதை போகிறது. மண் அரிக்காமல் இருக்கவும், வாளி சுமந்தவர் கால் தடுக்காமல் நடக்கவும் என்று மண்வெட்டியால் வெட்டப்பட்ட மட்டம் அது. என் சைக்கிள் ஏறுவதற்கு ஏற்ற சாய்வை, இரு முனையிலும் வாளி தொங்கும் காண்டாக் கம்பைத் தோளில் தூக்கி நடந்தவர்களுக்காக யாரோ எப்போதோ அமைத்திருக்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தப் பாதையில் என்னால் முன்போல் ஓட்ட முடியவில்லை. ஒவ்வொரு வளைவிலும் வேகம் தானாகவே குறைந்தது.

இறக்கத்தில் அப்படி நினைத்துக்கொண்டிருக்க முடியாது. குன்றின் மறுபக்கம் சரிவு செங்குத்தானது. பாதை குறுக்கும் நெடுக்குமாக ஏழெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குகிறது. இருக்கையைத் தாழ்த்தி, இரண்டு மிதிகளையும் ஒரே மட்டத்தில் வைத்து, முழங்காலையும் முழங்கையையும் தளர்த்தி நிற்க வேண்டும். கண் முன்சக்கரத்தைப் பார்க்கக் கூடாது. வளைவு முடியும் இடத்தைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் கண் போகும் பக்கம்தான் சைக்கிளும் போகும். ஈர வேர் குறுக்கே கிடந்தால், அதற்கு முன்பே பிரேக் பிடித்து, வேரின் மேல் ஏறும் கணத்தில் விரலை விட்டுவிட வேண்டும். நான்காவது வளைவில் நான் இந்தக் கடைசி விதியை மறந்தேன். முன்சக்கரம் வேரின் நீளத்தோடு வழுக்கியது. நான் இடப்பக்கம் விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டேன். எழுந்து உட்கார்ந்தபோது கண்ணுக்கு நேரே ஒரு முதிய பால்மரம் இருந்தது. அதன் பட்டையில், இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்து வெட்டிய தழும்பு. ரப்பர் மரத்தின் பால்குழாய்கள் நேராக மேலேறாமல் சற்றுச் சுழன்று ஏறுவதால், இந்தத் திசையில் வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். மரம் தழும்பைத் தன் பட்டையால் மூடியிருந்தது. ஆனாலும் விரலால் தடவினால் வெட்டின் ஓரம் தட்டுப்பட்டது.

நான் விழுந்த சைக்கிளின் டயரும் இந்த மரத்தின் பிள்ளைதான். 1877ஆம் ஆண்டு பிரேசில் நாட்டு ரப்பரின் 22 கன்றுகள் இங்கிலாந்து வழியாகச் சிங்கப்பூர் வந்தன. பதினோராண்டு கழித்து, 1888இல், டன்லப் காற்றடைத்த டயருக்கு உரிமம் பெற்றார். முதலில் சைக்கிளும் பிறகு மோட்டார் வண்டியும் ரப்பரைக் கேட்டுக்கொண்டே இருந்தன. மலாயாவின் குன்றுகள் பால்மரக் காடுகளாயின. அவற்றில் வேலை செய்ய, ஒப்பந்த முறையிலும், தோட்டத்துக் கங்காணியே தன் ஊருக்குப் போய் ஆள் திரட்டிவரும் கங்காணி முறையிலும் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து நம்மவர்கள் கப்பலேறினார்கள். ஒப்பந்த முறை 1910இலும், கங்காணி வழியாக ஆள் கொண்டுவருவது 1938இலும் நின்றன. என் பாட்டியின் தகப்பனார் அந்த இரண்டாம் வழியில் வந்தவர்.

குன்றின் அடிவாரத்தில் அந்த வரலாறு இன்னும் முடியாமல் இருக்கிறது. தோட்ட நிலத்தை அரசு எடுத்துக்கொண்டபோது, 1980களின் தொடக்கத்தில், ஏறத்தாழ நூறு தொழிலாளர் குடும்பங்கள் தற்காலிகமாக என்று நீள்வீடுகளில் குடியமர்த்தப்பட்டன. அருகில் கோயிலும் உண்டு. அந்தத் தற்காலிகம் நாற்பது ஆண்டுகளைத் தாண்டியது. அங்கே உயர்மாடிகள் எழுப்பத் தரப்பட்ட மேம்பாட்டு ஆணை செல்லாது என்று 2023ஆம் ஆண்டு ஏப்ரலில் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, பசுமை காப்பாற்றப்பட்டது என்று நாங்கள் மகிழ்ந்தோம். மகிழ்ந்தது சரிதான். ஆனால் அந்தக் காட்டை நட்டவர்களுடைய பிள்ளைகளுக்கு ஒழுங்கான வீடு வேண்டும் என்பதை, மரங்களுக்காகக் குரல் கொடுத்த அதே உரத்தோடு சொல்ல வேண்டியவர்கள், அங்கே ஓட்டி மகிழும் நாங்கள்தாம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பத்து மணிக்கு அண்ணன் தம் பையிலிருந்து சிறிய மண்வெட்டி ஒன்றை எடுத்தார். கீழ்ப்பாதையில் ஒரு தாழ்வான இடத்தில் இரவு மழை தேங்கிச் சேறாகியிருந்தது; சக்கரங்கள் சேற்றை விலக்கி ஓரமாகப் போய்ப் போய், பாதை இரண்டு மடங்கு அகன்றுவிட்டது. தேங்கிய நீரைப் பள்ளத்துப் பக்கம் வடித்துவிட வேண்டும். நான் ஆழமாக ஒரு கோடு வெட்டத் தொடங்கினேன். அந்த வழியாக நடந்துவந்த முதியவர் ஒருவர், காலில் ரப்பர் செருப்பும் கையில் குடையுமாக, நின்று பார்த்தார்.

"ஆழமா வேணாம் தம்பி, அகலமா வெட்டு. ஆழமா வெட்டுனா எல போயி அடைச்சிக்கும்."

"ஐயா தோட்டத்துல வேல செஞ்சீங்களா?"

"இந்தத் தோட்டந்தான். எங்கப்பாவும் இங்கதான்" என்று சொல்லி, குடையின் நுனியால் மண்ணில் ஓர் அரைவட்டம் கீறிக் காட்டினார். பள்ளத்துப் பக்கம் போகப் போக விரியும் வடிவம் அது. நானும் அண்ணனும் அவர் கீறியபடியே வெட்டினோம். வெட்டிய மண்ணைப் பாதையின் கீழ்ப்புறத்தில் போடாமல், மீண்டும் அடைக்காதபடி தூரத்தில் கொட்டச் சொன்னார். நீர் முதலில் தயங்கி, பிறகு இலைகளோடு சேர்ந்து மெல்ல வழிந்து இறங்கியது. அவர் எங்களிடம் விடைபெற்றுக்கொண்டு தார்ச்சாலைப் பக்கம் நடந்தார்.

பிற்பகல் இரண்டரைக்கு மீண்டும் மழை பிடித்தது. வீட்டுக்குப் போயிருக்க வேண்டிய நாங்கள் இருவரும் குடை பிடித்துக்கொண்டு அந்த இடத்துக்குத் திரும்பி நடந்தோம். பாதையின் மேல்பக்கத்திலிருந்து செந்நீர் வந்துகொண்டே இருந்தது. அரைவட்டத்தில் இறங்கி, இலைகளையும் தள்ளிக்கொண்டு, பால்மரங்களின் அடியில் பரவிப் போய்க்கொண்டிருந்தது.