ஸ்லானிக் உப்புச் சுரங்கத்தில் ஒரு பயிற்சி நாள்

ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்ட்டிலிருந்து வடக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில், பிரகோவா மாவட்டத்தின் குன்றுகளுக்கு நடுவே ஸ்லானிக் என்ற சிற்றூர் இருக்கிறது. 2016ஆம் ஆண்டு உள்ளரங்க மாதிரி விமானங்களுக்கான உலகச் சாம்பியன் போட்டி அங்குள்ள பழைய உப்புச் சுரங்கத்தில் நடந்தது. போட்டியைவிட, அதற்கு முந்தைய பயிற்சியைப் பார்க்கவே நான் ஆசைப்பட்டேன்.

தரைக்குக் கீழே 200 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், 54 மீட்டர் உயரமுள்ள மண்டபங்கள்; சுவரெங்கும் பளிங்கைப் போலச் சாம்பலும் வெள்ளையுமாக உப்பின் வரிகள். ஆண்டு முழுவதும் 12 பாகை வெப்பநிலை. காற்று அசைவதில்லை. ரப்பர் முறுக்கால் மட்டுமே பறக்கும் எஃப்1டி வகை விமானங்களுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் அமைவது அரிது.

இந்த விமானத்தின் எடை 1.4 கிராமுக்குக் குறையக் கூடாது, ரப்பரோ 0.4 கிராமைத் தாண்டக் கூடாது. பால்சா மரக்குச்சிகளின்மேல் போர்த்திய படலம் அவ்வளவு மெல்லியது என்பதால், அருகில் ஒருவர் வேகமாக நடந்தாலே விமானம் தடுமாறும். ஆகவே அங்கே எல்லா நாட்டவரும் கோவில் கருவறையை நெருங்குபவர்களைப் போல அடிமேல் அடிவைத்தே நடந்தார்கள்.

முழு ரப்பரோடு ஒருமுறை பறக்கவிட்டால் அது இறங்க அரை மணி நேரம்கூட ஆகலாம். ஒரு நாளில் எத்தனை சோதனை செய்ய முடியும்? அதனால் ரப்பரின் நீளத்தை நான்கில் ஒரு பங்காகக் குறைத்து, குறைந்த 0.3 கிராமுக்கு ஈடாக ஒரு குச்சியை இணைத்துப் பறக்கவிடுகிறார்கள். எஞ்சும் ரப்பர் 0.1 கிராம், அதாவது ஒரு குன்றிமணி எடைகூட இல்லை. உயரமும் நேரமும் ஏறக்குறைய கால்பங்காகவே வருவதால், கிடைத்த நேரத்தை நான்கால் பெருக்கி முழுப் பறப்பைக் கணிக்கிறார்கள். புரொப்பெல்லரின் கோணத்தை மயிரிழை திருப்பி, மறுபடி முறுக்கி, மறுபடி எண்ணும் அந்தப் பொறுமையை மணிக்கணக்கில் பார்த்தும் எனக்கு அலுக்கவில்லை.

மாலையில் ஒருவர் முழு முறுக்கோடு விட்ட விமானம் மெல்ல வட்டமிட்டு ஏறிச் சுவரை நெருங்கியது. அவர் நூலில் கட்டிய ஹீலியம் பலூனை உயர்த்தினார். பக்கத்திலிருந்த வேறு நாட்டு வீரர், தம் முறுக்குக் கருவியைக் கீழே வைத்துவிட்டு, கோணம் சரியாகத் தெரியும் இடத்தில் நின்று கையசைத்து வழிகாட்டினார். பலூனின் நூல் இறக்கையைத் தொட்டு அதை மண்டபத்தின் நடுவுக்குத் திருப்பியதும் இருவரும் ஒன்றும் பேசாமல் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.