காந்தத்திற்கு வசப்படும் பல்லேடியம்

பழைய காரின் புகையைச் சுத்தப்படுத்தும் வினையூக்கி மாற்றியில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் மூன்றும் சேர்ந்தே சில கிராம்தான். அவற்றை மீட்க, மாற்றிக்குள் இருக்கும் பீங்கானைப் பொடித்து, ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலும் ஹைட்ரஜன் பெராக்சைடிலும் கரைக்கிறோம். அலுமினியமும் கூடவே கரைந்து வந்துவிடும்.

அந்தக் கலவையில்தான் காந்தம் ஈர்க்கும் கறுப்பு இரும்பு ஆக்சைடான என் மேக்னடைட் நுண்துகள்களைப் போடுகிறேன். சிலிக்கா உறை இல்லாவிட்டால் அமிலம் அவற்றையே தின்றுவிடும். உறைமேல் இருக்கும், நைட்ரஜன் கொண்ட அமீன் தொகுதிகள் அமிலத்தில் நேர்மின்னேற்றம் பெற்று, பல்லேடியத்தின் எதிர்மின்னேற்றக் குளோரைடு அணைவுகளை (உலோக அணுவைச் சுற்றிக் குளோரைடு பிணைந்த அயனிகளை) ஈர்க்கின்றன. குடுவைக்குப் பக்கத்தில் காந்தத்தை வைத்ததும் கறுப்பு முழுவதும் ஒரு பக்கமாக ஒதுங்குகிறது. வடிதாளோடு மல்லாட வேண்டியதில்லை. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது! அமிலம் கலந்த தயோயூரியாக் கரைசலில் கழுவினால் பல்லேடியம் விடுபடுகிறது.

ரோடியம்தான் பிடிகொடுப்பதில்லை. அதன் அணைவுகள் குளோரைடை இழந்து நீரை ஏற்பதால் மின்னேற்றம் குறைந்துபோகிறது. 2021இல் தங்கத்தைவிடப் பத்து மடங்குக்கும் மேல் விலைபோன உலோகத்தைக் கழிவுநீரில் விட எனக்கு மனமில்லை. அதையும் பிடிக்க, இப்போது வெள்ளீயக் குளோரைடு சேர்த்துப் பார்க்கிறேன்.